மாமி பின்சீற்றில் இருக்கிறா

முன்சீற் சும்மா கிடக்குது. காலமை வெளிக்கிடேக்கையே நான் அதைத் தட்டித் துடைச்சு, சீற் சூடாகிற பொத்தானையும் அமத்திவிட்டு, கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மாமி வந்தா. நிலத்தைப் பார்த்தா. என்னைச் சுத்திக்கொண்டு போய்ப் பின்கதவைத் தானே திறந்து, தன்ர கிழட்டு நாயை ஏத்தி, தானும் ஏறி, சரியா எனக்குப் பின்னால, கண்ணாடியில முகம் விழாத மூலையில இருந்திட்டா. இப்ப ரவுணில கண் டொக்ரரிட்டக் காட்டிப்போட்டு மாமி வீட்டை திரும்பிப் போறம், இப்பவும் அதே மூலைதான். கனடாவில, இந்தச் சஸ்கற்றூனில இத்தினை வருசமா ரக்சி ஓடுறவனுக்குப் பின்சீற்றின்ர அருமையை ஆரும் சொல்லித்தர வேணுமே. வெறிகாரர் ஏறுவினம், சத்தி எடுப்பினம், பெண்சாதியைத் திட்டுவினம், இறங்கேக்க எண்டாலும் தோளில ஒரு தட்டுத் தட்டி நன்றி சொல்லிப்போட்டுத்தான் போவினம். பெத்த மகளைக் கட்டினவனுக்கு அதுவும் இல்லை. ரெண்டு வருசம். ஒரு சொல்லு, ஒரு பார்வை, ஒண்டும் இல்லை. இதில பகிடி என்னெண்டால், ஒரு கண்ணில படர்ந்த வெள்ளையை முன்னமே எடுத்து, இண்டைக்குக் கண்ணில கட்டின துணியையும் அவிட்டாச்சு. சுவரில கிடந்த ஆகச் சின்ன எழுத்தையும் கடகடவெண்டு வாசிச்சவவாம், தாதிப் பிள்ளை வந்து எனக்குச் சந்தோசமாச் சொல்லுறாள். ஆகச் சின்ன எழுத்துத் தெரியுது, முன்னுக்கு ஆள் கணக்கா நிக்கிற நான் தெரியேல்ல. என்னைப் பார்க்கமாட்டன் எண்டு நிக்கிற கண்ணைத் திருத்திறதுக்கு நானே கார் ஓடுறன். நல்லூரானே, உன்ர விளையாட்டுக்கு ஒரு அளவில்லையே.

மாமி எண்டு மனசுக்குள்ளதான் சொல்லுறன். அவவின்ர பேர் எலிசா. வெள்ளைக்காரன் வர முதலே இந்த ஏரியளும் ஊசியிலைக் காடும் ஆரின்ரயோ, அந்தக் கிறீச் சனம். லோர்னா, என்ர மனிசி, அவவின்ர மூத்தவள். ஆனால் லோர்னாவுக்குக் கிறீயில ஒரு சொல்லுத் தெரியாது. நாலு வயசில அரசாங்கக் கார் ஒண்டு வந்து அவளை ஏத்திக்கொண்டு போட்டுது. அந்தக் காலத்தில அப்பிடித்தான், ஆதிக்குடிப் பிள்ளையளைத் தாய் தேப்பனிட்ட இருந்து பறிச்சு வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குத் தத்துக் குடுத்தவங்கள், அங்க எண்டால் நல்லா வளருங்களாம். மாமி அந்த நேரம் ஏரியில வலை இழுத்துக்கொண்டு நிண்டவவாம். படகு கரைக்கு வரப் பிள்ளை இல்லை. இதுவும் லோர்னா அங்க இஞ்ச விசாரிச்சு அறிஞ்சது, மாமி வாய் திறந்து சொன்னதில்லை. அவ எதைத்தான் வாய் திறந்து சொன்னவ. பனி பொடியா அடிக்குது, ரோட்டுக்குக் குறுக்கால மாவைத் தூவினமாதிரி ஓடுது, துடைப்பான் கீச்சுக் கீச்செண்டு கத்துது, பின்னால நாய் மூச்சு விடுது, அவவின்ர கையுறையில இருந்து புகை போட்ட தோலின்ர மணம் வருது. நல்ல மணம்தான், பொய் சொல்லக்கூடாது. ஏன் இப்ப எனக்குச் சூட்கேஸ் ஞாபகம் வருது. வராமல் என்ன செய்யும். மாமி வீட்டு வாசலடியில நிக்குது, சிவப்புச் சூட்கேஸ், பூட்டி நிமித்தி வைச்சிருக்கு. காலமை லோர்னா அதை இழுத்துக்கொண்டு வந்து அதில விட்டிட்டு, பல்லுத் தீட்டப்போறன் எண்டு சொல்லுற குரலில, கோவமில்லாத குரலில எனக்குச் சொன்னவள். அவவைக் கொண்டுபோய்க் காட்டிக் கொண்டுவந்து விடு, வந்த கையோட வெளிக்கிடுவம், இனி இந்த ரோட்டில நான் வரமாட்டன். ஏனெண்டு நான் கேக்கேல்ல. எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குத் தெரியும். எண்டாலும் சொன்னாள்.

"என்ர மனிசனோட ஒரு சொல்லுக் கதைக்காதவ என்னை மகளா எடுக்கேல்ல, குணம். அதைத்தான் வாயால சொல்லாமச் சொல்லுறா."

அவள் கத்தியிருந்தால் எனக்குப் பயமில்லை. லோர்னா கத்தினால் வீட்டில பிறகு சமையல் நடக்கும், சிரிப்பு நடக்கும். அமைதியாச் சொன்னால்தான் பயம். வளர்த்த தாயைப் பற்றியும் ஒருநாள் இப்பிடித்தான் அமைதியாச் சொன்னவள், பிறகு அந்த மனிசி சாகுமட்டும் அந்தப் படி ஏறேல்ல. இதுவும் பூட்டுப்பட்டால் அவளுக்கு வேற ஆர் இருக்கினம். நான் இருக்கிறன். நான் ஒரு ஆள் காணுமே. காணாது. எனக்கே நான் காணாது, யாழ்ப்பாணத்து இணுவிலில ஒரு அம்மா, ஒரு அக்கா, ஒரு வேப்பமரம், இவ்வளவையும் கூட்டினால்தான் நான் ஒரு முழு ஆள். அவளுக்குக் கூட்டுறதுக்கு என்ன இருக்கு. முடிவெட்டுற கடையில வேலை செய்யிறவள். ஆதிக்குடிப் பொம்பிளையள் வந்து இருந்தால், அந்தக் கறுத்தத் தலைமயிரைக் கழுவேக்கை, இவ என்ர சின்னம்மாவோ, இவ என்ர தங்கச்சியோ எண்டு விரலால தேடுறனான் எண்டு கலியாணம் கட்டின புதுசில எனக்குச் சொன்னவள். நானும் அவளிட்ட முடிவெட்டப் போய்த்தான் மாட்டுப்பட்டனான். உச்சியில ரெண்டு சுழி இருக்கு எண்டாள். எங்கட ஊரில ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கலியாணம் எண்டு சொல்லுறவை, எனக்கு அம்பதை எட்டிப் பிடிக்கப்போகுது இன்னும் ஒண்டும் நடக்கேல்ல எண்டன். கத்திரிக்கோலை வைச்சிட்டுச் சிரிச்சாள். அந்தச் சிரிப்பு. அதை நான் இழக்கேலாது. ஆளை இழக்கிறது வேற, ஆள் பக்கத்தில இருக்க அந்தச் சிரிப்பு மட்டும் போறது வேற. முன்னால லொறி ஒண்டு பனியை வாரி இறைச்சுக்கொண்டு போகுது, நான் விலத்தி விடுறன், போகட்டும், எனக்கு அவசரமில்லை. கெதியாப் போனால் கெதியாச் சூட்கேஸ்.

ரெண்டு வருசத்துக்கு முதல், லோர்னா தாயைத் தேடிக் கண்டுபிடிச்சு முதல்நாள் போனது நல்லா ஞாபகம். மாமி கதவடியில நிண்டா. லோர்னாவின்ர தலைமயிரை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால ஒரு தழும்பைப் பார்த்தா, பெருவிரலால அதைத் தடவினா. நான் பின்னால பலகாரப் பெட்டியோட நிண்டு கண் கலங்கிறன். பேந்து லோர்னா என்னைக் காட்டி, இதுதான் என்ர புருசன் எண்டாள். மாமி சடாரெண்டு கண்ணைத் தாழ்த்தி உள்ள போட்டா. குசினிக்குள்ள இருந்து குரல் மட்டும் வருது. உன்ர மனிசனிட்டச் சொல்லு, தேத்தண்ணி இருக்கு. சரி, கூச்சம், முதல்நாள் எண்டு நினைச்சம். அடுத்தமுறையும் அதுதான். உன்ர மனிசனிட்டச் சொல்லு, பாலத்தில வழுக்கும். உன்ர மனிசனிட்டச் சொல்லு, மீன் கிடக்கு கொண்டுபோகட்டும். நான் அங்க மேசையில இருக்கிறன், கை நீட்டினால் தொடலாம். லோர்னாவுக்கு ஏறும், அவர் இஞ்சதானே இருக்கிறார் எலிசா, நீங்களே சொல்லுங்கோ எண்டுவாள். அதோட சரி, மாமி ஒண்டும் பேசாமல் குசினிக்குள்ள போடுவா. எலிசா எண்டுதான் கூப்பிடுறாள், அம்மா எண்டு இன்னும் வாயில வரேல்ல, வளர்த்தவவுக்கு அந்தச் சொல்லைக் குடுத்துக் கெட்டுப்போச்சு எண்டு ஒருக்காச் சொன்னவள். என்ர நிறம் பிடிக்கேல்லையோ எண்டும் யோசிச்சுப் பார்த்தன். அவவின்ர நிறம் மட்டும் என்ன, சுண்ணாம்பே. வெள்ளைக்காரன் பறிச்சான், இப்ப எங்கயோ இருந்து ஒரு கறுவல் வந்து கட்டிக்கொண்டு போட்டான் எண்டு நினைக்கிறாவோ. நினைக்கட்டும். எண்டாலும் வயசுக்கு மூத்த மனிசி, கண் டொக்ரருக்குப் பயந்துபோய் நாயையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கு, பாவமாயும் கிடக்கு. கோவமும் பாவமும் சேர்ந்து வந்தால் ஒரு கோதாரியும் செய்யேலாது, வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்க்கவேண்டியதுதான்.

ஊமை எண்டாலும் மனம் ஆறும். அதுதான் இல்லையே. டொக்ரரிட்டக் காத்துக்கொண்டிருக்கேக்கை பக்கத்துக் கதிரைக் கிழவனோட என்ன கதை, என்ன சிரிப்பு. லிப்ட்டில நிண்ட காவல்காரனோட கதை. இப்ப சரியாப் பாதி வழியில பெற்றோல் அடிக்க நிப்பாட்டுறன், அந்தக் கடையில காசு வாங்கிறது அவவின்ர தங்கச்சி அக்னெஸ், ரெண்டு பேரும் கிறீயில சளசளவெண்டு கதைச்சு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கினம். காருக்குள்ள ஏறினால் வாய்க்குப் பூட்டு. நான் காசு குடுக்கப் போக, அக்னெஸ் என்னை மேலயும் கீழயும் பார்த்து ஒரு மாதிரிச் சிரிச்சு, நீங்கள்தானோ அந்த ஆள், அக்கா ஏரிக்கரை முழுக்கச் சொல்லித் திரியிறா எண்டு தொடங்கினா. நான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நிக்கிறன். எங்கயோ கடலுக்கு அங்கால பிறந்தவனாம், ஆனால் முறை தெரிஞ்ச மருமகனாம், கண்ணைத் தூக்கிறேல்லையாம், வாய் காட்டுறேல்லையாம், இஞ்ச பிறந்த பொடியளுக்கே இப்ப அந்த முறை மறந்துபோச்சாம். இங்கிலீசில என்ன சொன்னாவோ, என்ர மண்டை வழக்கம்போல எங்கட ஊர்த் தமிழாக்கித்தான் உள்ள விட்டுது. நக்கலடிக்கிறா எண்டு நினைச்சன். மிச்சக் காசை வாங்கிக்கொண்டு வெளிய வந்தால் காரின்ர முன்மூடியில ஆவி பறக்கத் தேத்தண்ணி ஒண்டு நிக்குது, கடுதாசிக் கோப்பையில. ஆரையும் காணேல்ல. மாமி பின்சீற்றில, மூலையில, யன்னலுக்கு வெளிய பார்த்துக்கொண்டு. ஒரு வாய் குடிச்சுப் பார்த்தன். மூண்டு கரண்டிச் சீனி. நான் மூண்டு கரண்டி போடுறனான் எண்டு இவவுக்கு என்னண்டு தெரியும், என்ர பக்கம் பார்க்கவே மாட்டாவே.

முறை தெரிஞ்ச மருமகன். அது தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்குது. என்ன முறை. எனக்கு இவையின்ர முறை ஒண்டும் தெரியாது. கண்ணைத் தூக்கிறேல்ல எண்டது உண்மைதான், இப்ப யோசிக்கத்தான் தெரியுது, நானும் இந்த ரெண்டு வருசத்தில அவவோட முகத்துக்கு நேர ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. ரக்சியில வாய் மூடாத ஆள் நான், வாயிருந்தால் வங்காளம் போகலாம் எண்டு வாயாலயே சீவிக்கிறவன். அவவைக் கண்டால் கண் தானா நிலத்துக்குப் போகும். மாமி எல்லே. மாமியோட நேர நிண்டு என்னத்தைக் கதைக்கிறது. அவ என்னோட கதைக்கேல்ல எண்டு ரெண்டு வருசமாக் கொதிக்கிறன், நான் அவவோட கதைக்கேல்ல எண்டது இப்பதான் மண்டைக்குள்ள வருது. தேத்தண்ணியைக் கோப்பை வைக்கிற ஓட்டையில வைச்சிட்டுக் காரை எடுத்தன். கொஞ்சத் தூரம் போகப் பின்னால குரல் கேட்டுது, மெல்லமா, இங்கிலீசில, நாயின்ர பக்கம் திரும்பி.

"மேஜர், அந்தத் தேத்தண்ணி ஆறப்போகுது."

கை தானாப் போய்க் கோப்பையை எடுத்துது. நான் யோசிக்க முதலே எடுத்துது, ஏனெண்டால் இந்தக் குரல் எனக்குப் பழக்கம். இந்தச் சொல்லில்லை, இந்தக் குரல், பக்கத்தில நிக்கிற ஆளுக்குக் கேக்கவேணும் ஆனால் அவருக்குச் சொல்லேல்ல எண்டு இருக்கவேணும், அந்த அளவுச் சத்தம். அம்மா. அக்காவைக் கட்டின அத்தான் சைக்கிளை வேலியில சாத்திற சத்தம் கேட்டால் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குசினிக்குள்ள ஓடுவா. அங்க இருந்து கதவுநிலைக்குச் சொல்லுவா, பூனைக்குச் சொல்லுவா, முத்தத்தில மேயிற கோழிக்குச் சொல்லுவா. இன்னும் ரெண்டு புட்டுக் கிடக்கு, வேணுமெண்டால் போடலாம். மழை வரும்போல கிடக்கு, குடையைக் கொண்டுபோனால் நல்லம். கோழிக்கு என்னத்துக்குக் குடை. அத்தான் விறாந்தையில இருந்து குடையை எடுப்பார். அவர் என்னவும் கேக்கவேணுமெண்டால் அக்காவைக் கூப்பிட்டு, மாமியிட்டக் கேள் எண்டுவார், அம்மா அங்க நாலடி தூரத்தில நிப்பா. மீன்காரனோட ஊர்க்கதை முழுக்கக் கதைக்கிற அம்மா, தபால்காரனுக்கு மோர் குடுத்து வழக்குப் பேசுற அம்மா. நான் ஒருக்காக் கேட்டும் இருக்கிறன், அம்மா உங்களுக்கு அத்தானோட கோவமோ எண்டு. விசரா, அவர் மருமகனெல்லே, மருமகனோட ஆரும் வாய் காட்டுவினமே எண்டு அம்மா என்ர தலையில குட்டினவ. பிறத்தியானோடதான் வாயடிக்கலாம். மருமகன் பிறத்தியான் இல்லை. அவருக்கு எண்டு ஒரு மரியாதை, அதை வைக்கிறதுக்கு வேற இடமில்லாமல் வாய்க்குள்ள வைச்சுப் பூட்டி வைச்சிருந்தா. பாம்பின் கால் பாம்பறியும் எண்டு சும்மாவே சொன்னவை, இந்தப் பாம்புக்கு ரெண்டு வருசம் பிடிச்சிருக்கு. நான் என்ன மடையன். லிப்ட்டில நிண்டவனோட கதைக்கலாம், ஏனெண்டால் அவன் ஆரோ. என்னோட கதைக்கேலாது, ஏனெண்டால் நான் மகளின்ர புருசன். மகளின்ர. அப்ப லோர்னா மகள். முதல்நாளே மகள். தழும்பைத் தடவின கையோட, கண்ணைத் தாழ்த்தினாவே, அந்த நிமிசமே.

காரை ஓரத்தில விடவேணும்போல கிடந்துது. விடேல்ல, விட்டால் பின்னால இருக்கிற மனிசி பயப்படும். ரோட்டு வெள்ளையா நீளமாக் கிடக்கு, ரெண்டு பக்கமும் இலை கொட்டின மரங்கள், பகல் முடியப்போற வெளிச்சம். சொல்லவேணும். ஆருக்கு. லோர்னாவுக்கு. என்னண்டு சொல்லுறது. அவ உன்னை மகளா எடுத்தபடியால்தான் என்னோட கதைக்கேல்ல எண்டால், நீ எல்லாத்துக்கும் நல்ல வியாக்கியானம் சொல்லுவாய் குணம் எண்டுவாள், சூட்கேசைத் தூக்குவாள். அவளுக்கு இது எப்பிடி விளங்கும். அவளை வளர்த்த வீட்டில கதைக்காட்டில் கோவம், கதைச்சால் அன்பு, அவ்வளவுதான். மாமியே வாயைத் திறந்து என்னோட ஒரு சொல்லுக் கதைச்சிட்டால் பிரச்சினை முடியும், லோர்னாவுக்கு அது காணும். ஆனால் ஐயோ, வேண்டாம். காலமை முழுக்க அதுக்காகத்தான் புழுங்கினனான், இப்ப அது நடந்திடுமோ எண்டு பயப்பிடுறன். அம்மா ஒருக்கா அத்தானோட நேர கதைச்சவ. ஆமி வாறான் எண்டு ஓடின பெரிய இடப்பெயர்வில, செல்லடிக்குள்ள, கொட்டுற மழைக்குள்ள ஊர் முழுக்க நாவற்குழிப் பாலத்தால நெரிஞ்சுபட்டுப் போகேக்கை, அக்கா மயங்கிச் சரிய, அம்மா எட்டி அத்தான்ர கையைப் பிடிச்சு, தம்பி, அவளைப் பிடியும் எண்டு கத்தினவ. நான் அப்ப இஞ்ச வந்திட்டன். பிறகு அக்கா ரெலிபோனில அழுதவள், வீடு போச்சு, மாடு போச்சு எண்டு அழேல்ல, அம்மா அவரோட நேர கதைச்சிட்டா தம்பி எண்டுதான் அழுதவள். அது எனக்கு அப்ப விளங்கேல்ல. முறை உடையிறதெண்டால் உலகம் உடைஞ்சுதெண்டு அர்த்தம். இவவின்ர உலகம் ஒருக்கா உடைஞ்சது காணும். என்ர ஆண்டவனே, இவ என்னோட நேர கதைச்சிடக்கூடாது.

"மேஜர்" எண்டா பின்னால. நாய் எழும்பி இருக்கிற சத்தம். "வாசலில சிவப்புச் சூட்கேஸ் நிண்டது. மற்றக் கண் கட்டிக் கிடக்க, ஒரு கண்ணாலயே எனக்கு அது தெரிஞ்சது." பனி கண்ணாடியில பட்டுக் கரையுது. "முதல் அவங்கள் கொண்டுபோனாங்கள். இப்ப அவளே போறாள். நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஆரும் சொன்னால் காணும்."

அவ என்னைக் கேக்கிறா. முறையை உடைக்காமல், ஒரு கிழட்டு நாயின்ர காதுக்கால, உலகத்திலயே தனக்கு முக்கியமான கேள்வியை என்னட்டக் கேக்கிறா. கண்ணாடியைப் பார்க்கேல்ல, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின்ர அந்தச் சத்த அளவில, நாயைக் கூப்பிட்டன். மேஜர் எண்டு பேர் சொல்லிக் கூப்பிட எங்கட ஊர்ப் பொடியனுக்கு ஒரு சிரிப்பும் வருது. அவ ஒரு பிழையும் விடேல்ல எண்டு சொல்லு மேஜர் எண்டன். மாமி மருமகனோட நேர கதைக்கிறேல்ல எண்டது எங்கட ஊரிலையும் முறைதான், எனக்கு அது விளங்கும், ரெண்டு வருசமா விளங்கேல்ல, இப்ப விளங்குது எண்டு சொல்லு. லோர்னாவுக்குத்தான் தெரியாது. என்னைப் பிடிக்காமல் கதைக்கேல்ல, அதால தன்னையும் மகளா எடுக்கேல்ல எண்டு நினைச்சுத்தான் சூட்கேஸ் கட்டினவள் எண்டு சொல்லு. நாய் என்ர சீற்றின்ர பின்பக்கத்தில மூக்கை வைச்சு மூச்சு விடுது. நான் கூடக் கதைச்சிட்டனோ, ஏதும் முறை பிழைச்சிட்டனோ. பிறகு ஒரு குரல், நாய்க்குமில்லை எனக்குமில்லை.

"நாலு வயசு. நாலு வயசுப் பிள்ளைக்கு ஆர் மருமகன் முறை சொல்லிக்குடுக்கிறது."

அழுறா. சத்தமில்லை, தோல் சட்டை உரசுற சத்தம் மட்டும். கண்ணுக்குக் கூடாது, டொக்ரர் சொன்னவர், புதுக் கண், ஆனால் அதை நான் என்னண்டு சொல்லுறது. மேலுக்குக் கையை நீட்டி, பின்னால பார்க்கிற கண்ணாடியை ஒரே திருப்பாக் கூரையைப் பார்க்கத் திருப்பி விட்டன். ரக்சியில ஆரும் அழுதால் நான் அப்பிடித்தான் செய்யிறனான், அவைக்கு ஒரு அறை எடுத்துக் குடுத்தமாதிரி. பாலம் வரேக்கை, மேஜர், வழுக்கும் எண்டா, நான் மெதுவா எடுத்தன். பாலம் தாண்ட, ஏகோசி எண்டா. அவ்வளவுதான், முடிஞ்சுது எண்டு அர்த்தம், அக்னெசோட கதைச்சு முடிக்கேக்கையும் அதைத்தான் சொல்லுறவ. எனக்கு முடியேல்ல. இன்னும் ஒரு வளைவு, பேந்து வீடு, பேந்து சூட்கேஸ். நான் விளங்கி என்ன, மாமி விளங்கி என்ன, விளங்கவேண்டியவள் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில நிப்பாள்.

நிக்கிறாள். கோட்டுப் போட்டு, சப்பாத்துப் போட்டு, சூட்கேஸ் பிடியில கை. மாமியைப் பார்த்து, கண் என்னமாதிரி எலிசா எண்டு கேட்டாள், வாடிக்கைக்காரியைக் கேக்கிற குரலில. நல்லாத் தெரியுது எண்டா மாமி. அவளை நல்லா ஒருக்காப் பார்த்தா, ரெண்டு கண்ணாலையும், தலைமயிரில இருந்து கால்மட்டும், பிறகு சூட்கேசைச் சுத்திக்கொண்டு குசினிக்குள்ள போட்டா. கேத்தில் வைக்கிற சத்தம். வா போவம் எண்டாள் லோர்னா. நான் கதவடியில சப்பாத்தைக் கழட்டுறன், குனிஞ்சு, ஒரு முடிச்சை அவிட்டுக்கொண்டே இருக்கிறன், என்னத்தைச் சொல்லித் தொடங்கிறது எண்டு தெரியேல்ல, நாய் வந்து சூட்கேசை மணந்துபோட்டு அதுக்குப் பக்கத்தில படுக்குது. மாமி வெளிய வாறா. கோப்பையை மேசையில வைக்கிறா. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பழைய வசனத்தையே சொல்லுறா, உன்ர மனிசனிட்டச் சொல்லு, தேத்தண்ணி இருக்கு. லோர்னாவின்ர முகம் சிவக்குது. அவர் உங்களுக்கு முன்னால நிக்கிறார், நீங்களே சொல்லுங்கோவன் எண்டு, இந்தமுறை குரல் உடையுது. ஒவ்வொருமுறையும் இந்த இடத்தில மாமி குசினிக்குப் போறவ. இண்டைக்குப் போகேல்ல. மேசையில கையை ஊண்டிக்கொண்டு நிக்கிறா, வாய் அசையுது, எனக்குத் தெரியுது, மகள் போகாமல் இருக்கிறதுக்காக உடைக்கப்போறா, என்ர பக்கம் முகத்தைத் தூக்கப்போறா. நாவற்குழிப் பாலத்தில நிண்ட அம்மா. வேண்டாம் எண்டு என்ர உடம்பெல்லாம் கத்துது.

"லோர்னா, அவவை விடு" எண்டன். "அவ எனக்குச் சொல்லக்கூடாது. எங்கட அம்மாவும் அத்தானுக்குச் சொன்னதில்லை, அது மருமகனுக்கு வைக்கிற மரியாதை. மருமகனுக்கு ஒண்டு சொல்லுறதெண்டால் நடுவில ஒரு மகள் வேணும். காரில ஆளில்லாமல் நாயை வைச்சுச் சமாளிச்சம். ரெண்டு வருசமா அவ உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா."

லோர்னா என்னைப் பார்க்கிறாள். பிறகு மாமியை. மாமி கண்ணைத் திரும்பவும் தாழ்த்தியிட்டா, எனக்கு மூச்சு வருது. குசினியில கேத்தில் இன்னும் முனகுது. உன்ர மனிசனிட்டச் சொல்லு. உன்ர மனிசனிட்டச் சொல்லு. எத்தினைதரம் கேட்டிருப்பாள், அவ்வளவையும் இப்பத் திரும்பக் கேக்கிறாள் எண்டு முகத்தில தெரியுது, வாய் கோணுது, சின்னப்பிள்ளையின்ர வாய். சூட்கேஸ் பிடியில இருந்த கை எப்ப எடுபட்டுது எண்டு நான் காணேல்ல. மேசையடிக்குப் போறாள், கோப்பையைத் தூக்குறாள், ரெண்டு கையாலையும், தளும்பாமல், என்னட்டக் கொண்டு வாறாள்.

"குணம்" எண்டாள். "அம்மா சொல்லுறா, தேத்தண்ணி ஆறப்போகுதாம்."

மாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு நிக்கிறா, முதுகு மட்டும் குலுங்குது. கொஞ்சத்தால அந்தப் பக்கம் இருந்தே, இன்னும் சீனி வேணுமோ எண்டு கேள் எண்டா. லோர்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் சீனி வேணுமோ எண்டு அம்மா கேக்கிறா எண்டாள். ஒரு வாய் குடிச்சுப் பார்த்தன். மூண்டு கரண்டி கிடக்கு, அதுக்கு மேல போட்டால் குடிக்கேலாது. வேணுமாம் எண்டு அம்மாவிட்டச் சொல்லு எண்டன்.